கைக்குள் அடங்கும் 'எல்லாம்'

எதிர்காலத்தின் கையடக்கக் கணினி எப்படி இருக்க வேண்டும், ஆளுக்கொரு பட்டியல் சொல்லுங்கள் என்று நண்பர்களிடம் கேட்டேன். மாதக் கூட்டத்தில், டீ வருவதற்குள் பேசி முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. மெலிசா இருக்கணும், மடிக்க வரணும், வெயிலில் வைத்துப் படிக்க முடியணும், வாரத்துக்கு ஒருமுறை சார்ஜ் போட்டால் போதணும், பேசினால் எழுதிக்கணும், சர்க்கரை அளவு பார்க்கணும். பாதியில் நிற்கும் வரியை அது முடித்துத் தரக்கூடாது, மற்றதெல்லாம் இஷ்டம் என்றார் ஒரு கவிஞர். சிரித்தோம். கடைசியாகப் பேசியவர் தொழிற்சங்க வேலையாக ஊர் ஊராக அலைகிறவர். 'எல்லாம் ஒண்ணுலயே இருக்கணும்னு எதுக்குங்க ஆசைப்படுறீங்க? அதைப் புடுங்கிட்டுப் போனா எல்லாமே போயிடுமே' என்றார். டீ வந்தது. பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

எனக்குப் போகவில்லை. 'எல்லாம் அடங்கிய ஒன்று' என்கிற இந்த ஆசையை ஒரு பிரதியாகக் கொண்டு வாசித்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. கருவிகளைப் பற்றி எழுதுவது வெகுஜனப் பத்திரிகைகளின் வேலை என்ற மனோபாவம் நம் சிறுபத்திரிகைச் சூழலில் நெடுங்காலம் இருந்துவந்திருக்கிறது. சுஜாதா எழுதினார், நாம் முகம் சுளித்தோம். விளைவு, இன்று நமது வரிகள் பெரும்பாலும் பிறப்பதே எந்தப் பொருளுக்குள்ளோ அதைப் பற்றிப் பேச நம்மிடம் ஒரு விமர்சன மொழி இல்லை. விலைப்பட்டியல் இருக்கிறது, வசை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை.

இந்தக் கனவுக்கு ஒரு மூலப் பிரதி உண்டு. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் இருந்த ஆலன் கே 1972இல் எழுதிய கட்டுரை அது. எல்லா வயதுக் குழந்தைகளுக்குமான சொந்தக் கணினி ஒன்றைப் பற்றியது. கணினி என்றால் அறையை அடைத்துக்கொண்டு நிற்பது என்றிருந்த காலத்தில் அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தின் அளவைச் சொல்கிறார். நாலு பவுண்டுக்குள் எடை, 500 டாலர் விலை. பெயர் டைனாபுக். கட்டுரை ஒரு கதையோடு தொடங்குகிறது. ஒன்பது வயதுக் குழந்தைகள் இருவர், ஜிம்மியும் பெத்தும், பூங்காப் புல்லில் படுத்துக்கொண்டு தத்தம் கணினிகளை இணைத்து விண்வெளிப் போர் விளையாடுகிறார்கள். பெத் ஜெயிக்கிறாள். இந்த விளையாட்டில் ஒரு சூரியன் இருந்தால் எப்படி இருக்கும் என்று கேள்வி கிளம்புகிறது. சூரியன் வந்தால் ஈர்ப்பு விசை வரும், விண்கலம் வளையும், கணக்கு மாறும். விளையாட்டுக்குள்ளேயே புகுந்து அதைத் திருத்தப் பார்க்கிறார்கள்.

இந்த இடத்தை நான் பலமுறை திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். கே கற்பனை செய்த கருவியில் வாசிப்பவனும் எழுதுபவனும் ஒரே ஆள். பயன்படுத்துவதும் ஆக்குவதும் அங்கே இரண்டு வேலைகள் அல்ல. குழந்தை நுகர்வோன் என்னும் தன்னிலையாகக் கட்டமைக்கப்படவில்லை, ஆசிரியனாகக் கட்டமைக்கப்படுகிறது. 'வாசகனே பிரதியை எழுதுகிறான்' என்று நாம் மேடை மேடையாகப் பேசினோமே, அதை உலோகத்திலும் கண்ணாடியிலும் செய்து பார்க்க நினைத்த ஆள் இவர். (நம் ஆட்களில் எத்தனை பேருக்கு இவர் பெயர் தெரியும்?)

கேவும் கூட்டாளிகளும் அந்த வழியில் ஸ்மால்டாக் என்ற நிரல்மொழியை உருவாக்கினார்கள். பின்னால் 1996இல் ஸ்க்வீக் வந்தது. அந்த ஸ்க்வீக்கில் எழுதப்பட்டதுதான் எம்ஐடி ஊடக ஆய்வகம் 2007இல் வெளியிட்ட ஸ்க்ராட்ச்: கட்டைகளை அடுக்குவதுபோல அடுக்கிக் குழந்தைகள் தாங்களே நிரல் எழுதுகிற ஏற்பாடு. அதே 2007இல் ஐபோன் வந்தது, 2010இல் ஐபேட் வந்தது. டைனாபுக்குக்கு ஒருவழியாக உடம்பு கிடைத்துவிட்டது என்று பலரும் எழுதினார்கள். அளவு சரி, எடை சரி, விலைகூட ஏறத்தாழச் சரி. 2010 ஏப்ரலில் ஆப்பிள் ஒரு வேலை செய்தது. ஸ்க்ராட்சில் குழந்தைகள் செய்தவற்றை ஐபோனில் இயக்கிக் காட்டும் செயலியைத் தன் கடையிலிருந்து நீக்கியது. வெளியிலிருந்து வரும் நிரல்வரிகளைக் கருவிக்குள் ஓடவிடக்கூடாது என்பது அன்றைய விதி. விதி பின்னர் தளர்ந்தது, அது வேறு கதை. ஜிம்மியும் பெத்தும் எழுதிய சூரியன், அவர்களுக்கென்றே கனவு காணப்பட்ட கருவியின் வாசலில் நிறுத்தப்பட்டது என்பதுதான் எனக்கு முக்கியம். 'எல்லாம் அடங்கியது' என்பதன் இலக்கணம் இங்கே தெரிந்துவிடுகிறது. எது அடங்கலாம் என்று சொல்லும் உரிமை கையில் வைத்திருப்பவனுக்கு இல்லை.

*

1987இல் ஆப்பிள் ஒரு குறும்படம் எடுத்தது. 'அறிவு மாலுமி' என்பது போன்றதொரு பெயர் கொண்ட வருங்காலக் கருவி. பெர்க்லியில் ஒரு பேராசிரியர்; மேசைமேல் புத்தகம்போல் விரியும் பலகை; அதன் மூலையில் 'போ' டை கட்டிய ஒரு இளைஞனின் தலை. அந்தத் தலை செய்திகளை ஒப்பிக்கிறது, அம்மா விட்டுப்போன தகவலைச் சொல்கிறது, தேடித் தருகிறது, நாளை ஒழுங்கு செய்கிறது. பேராசிரியர் வகுப்புக்குத் தயாராகவில்லை. கடைசி நேரத்தில் அமேசான் காடழிப்பைப் பற்றிக் கட்டுரைகள் கொண்டுவரச் சொல்கிறார். திரையில் காடு சுருங்குகிறது. இன்னொரு பேராசிரியை வருகிறார், சகாரா விரிகிறது. இருவரும் பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். அமேசான்காரரும் சகாராக்காரரும் அந்தப் படத்தில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. மூன்றாம் உலகம் முதல் உலகத்தின் மேசைமேல் படமாக, தரவாக விரிகிறது. விரலால் முன்னும் பின்னும் தள்ளிப் பார்க்கலாம். ஒரு கம்பெனி விளம்பரத்தில் போய் இதையெல்லாம் தேடுவதா என்று கேட்பீர்கள். விளம்பரத்தில் தேடாமல் வேறெங்கே தேடுவது?

எனக்கு அந்த மூலைத் தலைதான் விஷயம். விமர்சகர்கள் அவனைப் பட்லர் என்றே எழுதுகிறார்கள். நம் ஊர்க்காரனுக்கு அவன் வேறு ஆள். நமக்குப் பழக்கமான ஆள். துபாஷ். இரண்டு பாஷை தெரிந்தவன். துரைக்கும் சந்தைக்கும் நடுவில் நிற்பவன். துரை அவன் இல்லாமல் ஒரு மூட்டைத் துணி வாங்க முடியாது. ஆனந்தரங்கப் பிள்ளை துய்ப்ளேக்குத் துபாஷாக இருந்தார். சேவகம் மட்டுமா செய்தார்? 1736 தொடங்கி 1761 வரை, வந்தது போனது, யார் என்ன சொன்னார்கள், எவன் முகம் எப்படி மாறியது என்று எழுதியும் வைத்தார். புதுச்சேரியின் கவர்னர் எப்போது கோபப்பட்டார் என்பது இன்று நமக்குத் தெரிகிறது என்றால் துபாஷின் நாட்குறிப்பால்தான். துபாஷ் இருக்கும் வீட்டில் நாட்குறிப்பும் இருக்கும். 2011இல் சிரி வந்ததிலிருந்து, 2022இன் இறுதியில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து, எல்லாருடைய சட்டைப்பையிலும் ஒரு துபாஷ் இருக்கிறான். நாட்குறிப்பு எங்கே என்று கேட்டால் மட்டும் பதில் இல்லை. நம் கைக்குள் இல்லை என்பது நிச்சயம்.

2024 ஏப்ரலில் ஹியூமேன் என்ற அமெரிக்க நிறுவனம் சட்டையில் குத்திக்கொள்ளும் ஒரு வில்லையை விற்றது. 699 டாலர், அதற்குமேல் மாதம் 24 டாலர் சந்தா. திரையே வேண்டாம், கைபேசியே வேண்டாம், கேட்டால் சொல்லும் என்றார்கள். 2025 பிப்ரவரி 28 அன்று சேவையகங்களை நிறுத்தினார்கள். அதோடு வில்லையும் ஏறத்தாழச் செத்தது. உடைந்துபோகவில்லை, பழுதாகவில்லை; துபாஷ் வேலையை விட்டுப் போய்விட்டான், அவ்வளவுதான். காசு கொடுத்து வாங்கியவன் சட்டையில் ஒரு பொத்தான் மிச்சம்.

*

கையெழுத்துப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். 1993இல் ஆப்பிள் நியூட்டன் என்ற கருவியைக் கொண்டுவந்தது. நீங்கள் உங்கள் கையெழுத்தில் எழுதினால் அது படித்துக்கொள்ளும் என்பது வாக்குறுதி. தப்புத்தப்பாகப் படித்தது. அமெரிக்கச் செய்தித்தாள் கேலிச்சித்திரங்களில் அதைக் கிழித்தார்கள். 1998இல் மூடிவிட்டார்கள். இடையில் 1996இல் பாம் பைலட் வந்தது. அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், செய்வதற்கு முன் அந்த அளவில் ஒரு மரக்கட்டையை அறுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தாராம். யாராவது சந்திக்க நேரம் கேட்டால் கட்டையை எடுத்துக் குச்சியால் குத்திப் பார்ப்பாராம். நல்ல கதை. எனக்கு அதைவிட முக்கியம் அவர் எழுத்துக்குச் செய்த ஏற்பாடு. கிராஃபிட்டி என்று பெயர். கருவி உன் கையெழுத்தைக் கற்காது. நீ கருவியின் எழுத்தைக் கற்றுக்கொள். 'ஏ' எழுதக் குறுக்குக் கோடு போடாதே, கூரை மட்டும் போடு. ஒரே இழுப்பு, கையைத் தூக்காதே. மக்கள் கற்றுக்கொண்டார்கள். பாம் பைலட் ஓடி விற்றது.

மனிதனிடம் கற்றுக்கொள்ள முயன்ற கருவி தோற்றது. மனிதனைப் பழக்கிய கருவி ஜெயித்தது. உடலைப் பழக்கிப் பணியவைக்கும் அதிகாரத்தைப் பற்றி ஃபூக்கோ எழுதியதை நாம் சிறைச்சாலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பொருத்திப் பார்த்தோம். நம் விரலுக்குப் பொருத்திப் பார்க்கவில்லை. என் விரலையே எடுத்துக்கொள்கிறேன். தமிழ் இணைய மாநாடு சென்னையில் நடந்தது 1999 பிப்ரவரியில். தமிழ்99 விசைப்பலகை அங்கிருந்து வந்தது. அறிவியல்பூர்வமான நல்ல விசைப்பலகை என்று எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள், நானும் ஒத்துக்கொள்கிறேன். நான் அதைப் பழகவில்லை. ஆங்கில எழுத்தில் 'அம்மா'வைத் தட்டுகிறேன், திரையில் அம்மா தமிழில் வருகிறாள். அடியோடு சொல்வதானால் என் விரல்கள் ஆங்கில எழுத்தில்தான் தமிழை நினைக்கின்றன. முத்து நெடுமாறனின் செல்லினம் 2005இல் கைபேசிக்கு வந்தது. ஐபோனில் தமிழ் விசைப்பலகை உள்ளமைவாக வந்தது 2013இல்தான். அதுவரை 'எல்லாம் அடங்கிய' கருவிகளில் நம் எழுத்து பல சமயம் கட்டங்கட்டமாகத் தெரிந்தது. பெட்டிக்குள் அடங்காதவன் பெட்டியாகவே தெரிவான்போல.

இப்போது பேசினால் எழுதுகிறதே, பிறகென்ன என்பார்கள். எழுதுகிறது. நான் பார்த்த அளவில், செய்தி வாசிப்பவர் தமிழைத் தடங்கலில்லாமல் எழுதுகிறது. என் பெரியம்மா பேசினால் திணறுகிறது. அவள் சொன்ன சொல்லை விட்டுவிட்டுத் தனக்குத் தெரிந்த சொல்லைப் போட்டுக்கொள்கிறது. அவளும் அதனிடம் பேசும்போது குரலை மாற்றிக்கொள்கிறாள், தாசில்தார் ஆபீசில் பேசுகிற மாதிரி. கிராஃபிட்டி இன்னும் முடியவில்லை. விரலிலிருந்து நாக்குக்கு ஏறியிருக்கிறது.

*

இதற்கெல்லாம் மாற்றாக ஒரு கற்பனை நம் பக்கத்திலேயே, பெங்களூரில், நடந்தது. சிம்ப்யூட்டர். இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்களும் ஒரு மென்பொருள் நிறுவனமும் சேர்ந்து 1999இல் அறக்கட்டளை வைத்துத் தொடங்கினார்கள். 2001இல் முன்மாதிரி. இலக்கு விலை 9000 ரூபாய். லினக்ஸ். எழுத்தை இந்திய மொழிகளில் வாசித்துச் சொல்லும். வன்பொருள் வடிவமைப்புக்கே ஒரு பொது உரிமம் எழுதிவைத்தார்கள், அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம். 2004இல் அமிடா என்ற பெயரில் சந்தைக்கு வந்தபோது கையை அசைத்தால் பக்கம் புரண்டது. ஐபோனுக்கு மூன்று வருஷம் முன்னால். செய்து கொடுத்தது பாரத் எலெக்ட்ரானிக்ஸ், சுஜாதா வேலை பார்த்த அதே இடம். நாம் முகம் சுளித்துக்கொண்டிருந்தபோது அங்கே என்னவெல்லாமோ நடந்திருக்கிறது.

சிம்ப்யூட்டரின் அசல் சிந்தனை ஒரு சின்ன அட்டையில் இருந்தது. கருவி ஊருக்குப் பொது. ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டு. அதைச் செருகினால் கருவி உன்னுடையதாகும். உருவிக்கொண்டால் வெறும் கருவியாகும். நினைவு வேறு, இயந்திரம் வேறு. கையடக்கக் கணினிகளின் வரலாற்றில் 'ஒரு கை, ஒரு உடைமையாளன், ஒரு கருவி' என்ற சமன்பாட்டை இவ்வளவு நேராகக் கலைத்த கற்பனை வேறொன்றை நான் அறியேன். டைனாபுக்கில்கூட ஜிம்மிக்கு ஒன்று, பெத்துக்கு ஒன்று. இங்கே இருவருக்கும் ஒன்று, நினைவு மட்டும் தனித்தனி.

விற்கவில்லை. சில ஆயிரம்தான் போனது. விலை குறைந்த கைபேசிகள் வந்து அடித்துக்கொண்டு போயின. பகிர்வு என்பதைப் பஞ்சத்துக்கான ஏற்பாடாகவே எல்லாரும், செய்தவர்கள் உட்பட, பார்த்தார்கள் என்பது என் எண்ணம். ஏழை பகிர்ந்துகொள்வான், பணக்காரன் வைத்துக்கொள்வான். வசதி வந்ததும் பகிர்வு போய்விட வேண்டும். பகிர்வையே ஒரு மேலான நிலையாக யாரும் முன்வைக்கவில்லை.

இப்படி எழுதி, முதல் வரைவை நண்பர் ஒருவருக்குப் படிக்கக் கொடுத்தேன். ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதித் திருப்பித் தந்தார்: 'ஊருக்குப் பொதுன்னா, எந்தத் தெருவுல வைப்பீங்க?' அவர் தலித். அந்த ஒரு வரியில் என் இரண்டு பக்கம் சரிந்தது. பொதுக் கிணறு என்று ஒன்று இருந்தது. யாருக்குப் பொது என்று நமக்குத் தெரியும். டீக்கடையும் பொதுதான், தனிக் குவளையும் அங்கேதான் இருந்தது. பஞ்சாயத்து அலுவலகத் திண்ணையில் சிம்ப்யூட்டரை வைத்தால் அட்டையை எடுத்துக்கொண்டு யார் படியேறுவார், யார் வெளியே நின்று கேட்பார்? சேரி இளைஞன் தன் காசில் வாங்கித் தன் சட்டைப்பையில் வைத்திருக்கும் மலிவான கைபேசி, எவன் திண்ணைக்கும் போகாமல் உலகத்தோடு பேச அவனுக்கு வழி செய்திருக்கிறது. 'தனி உடைமை' என்று ஒரே வார்த்தையில் அதைத் தள்ள எனக்கு உரிமை இல்லை. வீட்டுக்குள்ளும் அப்படித்தான். வீட்டுக்கு ஒரு போன் என்றால் அது யார் கையில் இருக்கும்? வங்கியின் ரகசிய எண் புருஷனுடைய எண்ணுக்கு வருகிற வரை அந்தக் கணக்கு பெண்டாட்டியுடையது அல்ல.

ஆகவே என் பாராட்டைத் திருத்திக்கொள்கிறேன். சிம்ப்யூட்டரில் எனக்கு வேண்டியது பொதுக் கருவி அல்ல, உருவிக்கொள்ளக்கூடிய நினைவு. தொழிற்சங்கத் தோழர் சொன்னாரே 'புடுங்கிட்டுப் போனா' என்று, அது வெறும் பயம் அல்ல. 2023 அக்டோபர் 3 அன்று தில்லியில் ஒரே நாளில் பல பத்திரிகையாளர்களின் வீடுகளுக்குப் போய்க் கைபேசிகளையும் மடிக்கணினிகளையும் அள்ளிக்கொண்டு போனார்கள். பீமா கோரேகான் வழக்கில் கைதான ஒருவரின் கணினிக்குள் தொலைவிலிருந்தே புகுந்து கடிதங்கள் வைக்கப்பட்டிருந்தன என்று ஆர்செனல் கன்சல்டிங் என்ற அமெரிக்கத் தடயவியல் நிறுவனத்தின் அறிக்கை 2021 பிப்ரவரியில் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் பெகசஸ் விவகாரம். முன்பெல்லாம் சோதனை போட வருகிறவன் அலமாரியைத் திறப்பான், புத்தகத்தை உதறுவான், பரணில் ஏறுவான். வீடு அவனைக் களைப்படையச் செய்யும். இப்போது வாசலில் நின்று கையை நீட்டினால் போதும். 'எல்லாம் அடங்கியது' என்பது நமக்கு வசதி என்று விற்கப்படுகிறது. யாருக்கு அதிக வசதி என்று பட்டியல் போட்டவர்கள் யோசிக்கவில்லை, ஒருவரைத் தவிர.

*

பார்த் 1950களில் சித்ரோன் டிஎஸ் என்ற காரைப் பற்றி எழுதினார். வழவழப்பு என்பது பூரணத்தின் குணம், ஏனென்றால் அதன் எதிர்மறை மனிதக் கையின் பொருத்துவேலையை வெளிக்காட்டிவிடும் என்பது அவர் வாதத்தின் சாரம். கிறிஸ்துவின் தையலில்லாத அங்கியை அங்கே நினைவுகூர்கிறார். இன்றைய கைபேசியை இதைவிடச் சரியாக யாரும் விவரித்துவிட முடியாது. ஒரு திருகாணி கண்ணில் படாது. ஒரே கண்ணாடி, ஒரே உலோகம். வானத்திலிருந்து விழுந்தது போலிருக்கும்.

வானத்திலிருந்து விழுவதில்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பகுதி செய்யப்படுகிறது. நோக்கியா அங்கே 2006இல் தொடங்கியது, உச்சத்தில் ஏறத்தாழ 8000 தொழிலாளர்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். 2010இல் ஒரு பெண் இயந்திரத்தில் சிக்கி இறந்தார். 2014 நவம்பரில் ஆலை மூடப்பட்டது. பிறகு ஐபோன்கள். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிலாளர்கள் தங்கிய விடுதியில் உணவு நஞ்சாகி இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் பாதிக்கப்பட்டார்கள். 159 பேர் மருத்துவமனையில். சகதொழிலாளிகள் செத்துவிட்டார்களோ என்று செய்தி பரவி, இரவோடிரவாகச் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். உலகத்தின் தகவலையெல்லாம் ஒரு கைக்குள் அடக்குகிற பொருளைச் செய்கிறவர்கள். பக்கத்துக் கட்டில்காரி உயிரோடு இருக்கிறாளா என்ற ஒரு தகவலுக்காக ரோட்டில் உட்கார வேண்டியிருந்தது. 'கையடக்கம்' என்ற சொல்லை நாம் இதுவரை வாங்குகிறவன் கையை வைத்தே வாசித்துவந்திருக்கிறோம்.

தையல் தெரிகிற கருவி வேண்டும் என்று என் பட்டியலில் எழுதினேன். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஒரு சட்டம் போட்டிருக்கிறது: 2027 பிப்ரவரியிலிருந்து இப்படிப்பட்ட கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துகிறவரே கழற்றி மாற்ற வழி இருக்க வேண்டும். விதிவிலக்குகள் இருக்கின்றன, கம்பெனிகள் புகுந்து வர வழிகளும் இருக்கும். ஆனாலும் ஒரு திருகாணி மறுபடி கண்ணில் படலாம்.

போன மாதக் கூட்டத்தில் தோழரிடம், உங்கள் பட்டியலைச் சொல்லவே இல்லையே என்று கேட்டேன். 'பின்மூடி திறக்க வரணும்' என்றார். வேறே? 'வேறே ஒண்ணும் இல்லைங்க.' பையிலிருந்து பழைய பட்டன் போன் ஒன்றை எடுத்தார். நகத்தால் மூடியை நெம்பிப் பேட்டரியைக் கழற்றி, டீ கிளாசுக்குப் பக்கத்தில் வைத்தார். 'சரி, இப்பப் பேசலாம்' என்றார்.